அப்பா பாய்மரத்தைக் கழற்றிய ராத்திரி

போன ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்குத் தம்பியிடமிருந்து போன். நான் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், கொடியில் கிடந்த துணிகளை அவசரமாக உருவிக்கொண்டிருந்தேன். மேற்கே மலைப்பக்கம் விடாமல் மின்னிக்கொண்டிருந்தது.

“அக்கா, நம்மூருக்கு நேரா ஆறு மைல் வெலங்க கெடக்கேன். வல விட்டாச்சி. கரைப்பக்கமா ஒரேயடியா மின்னுது. நீ பிசிக்ஸ் டீச்சர்தான, என்ன செய்யச் சொல்லுத?”

வெலங்க என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கரையை விட்டு விலகி, ஆழத்துப் பக்கமாக என்று அர்த்தம். அவனுடையது ஃபைபர் படகு. கூடவே இரண்டு பேர்.

“மொதல்ல உக்காரு” என்றேன்.

“உக்காந்துக்கிட்டு எப்பிடிக்கா வல வாங்க?”

அத்தோடு சிக்னல் போய்விட்டது. விடியக்காலை நாலரைக்கு “கரையேறிட்டேன்” என்று வாட்ஸ்அப்பில் வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. சும்மா படுத்துக்கிடக்க முடியாமல் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். முப்பது வருஷமாகப் போட வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட கணக்கு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் 1993 ஏப்ரலுக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊர் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்குன்று, அதன் மேல் திருச்சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1986இல் திருநெல்வேலி ஜில்லாவைப் பிரித்தபோது நாங்கள் சிதம்பரனார் மாவட்டத்துக்குப் போனோம், அப்புறம் அதன் பெயரும் தூத்துக்குடி மாவட்டம் என்று மாறியது. ஆச்சிக்குச் சாகும்வரைக்கும் நாங்கள் திருநெல்வேலி ஜில்லாதான். எனக்கும் அப்படித்தான், வேலையும் இங்கேயே அமைந்துவிட்டது.

தம்பிக்கு ஆறு வயது. அவன் பிறந்தபோது உடம்புக்கு முடியாமல் கிடந்து பிழைத்தவன் என்பதால் உவரி அந்தோனியாருக்கு மொட்டை நேர்ந்திருந்தது. வருஷா வருஷம் தள்ளிக்கொண்டே போய் அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவில் ஒரு செவ்வாய்க்கிழமை போவது என்று முடிவானது. பஸ்ஸில் போயிருக்கலாம். அப்பாதான் வள்ளத்தில் போவோம் என்றார். தொழில் வள்ளத்தில் பொம்பளைகள் ஏறக் கூடாது என்று எப்போதும் சொல்லும் ஆச்சியே, கோயில் காரியம் என்றால் பரவாயில்லை என்று முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாள்.

அது 27 அடி வள்ளம். தாத்தா காலத்தில் தூத்துக்குடியில் செய்தது. இன்ஜின் கிடையாது. புன்னையில் செய்த பாய்மரம் 20 அடி, பாயைக் கட்டித் தூக்கும் மூங்கில் பருமல், முக்கோணப் பாய் ஒன்று. அடுத்த மாதம் அதில் மெஷின் வைக்க அப்பா கடன் சொல்லியிருந்தார். அதனால் பாயில் கடைசியாக ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்க அவருக்கு ஆசை. வாயைத் திறந்து சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் புரிந்திருக்கிறது.

ராத்திரி மூன்று மணிக்குக் கரைக்காற்றில் கிளம்பினோம். அப்பா, சித்தப்பா, அம்மா, ஆச்சி, பதினோரு வயதில் நான், தம்பி. எட்டு மணிக்கு உவரி. மொட்டை, சந்தனம், மெழுகுவர்த்தி, பூசை, கடையில் தம்பிக்கு ஒரு பிளாஸ்டிக் கப்பல். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பக் கிளம்பியபோது தெற்கேயிருந்து சோளகம் அருமையாக அடித்தது. வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட, அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். அப்பாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. சுக்கானை ஒரு காலால் அணைத்துக்கொண்டு, பாயை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார்.

பெரியதாழைக்கு நேராக வந்தபோது நாலு நாலரை இருக்கும். காற்று நின்றுவிட்டது. குறையவெல்லாம் இல்லை, யாரோ கதவைச் சாத்தின மாதிரி நின்றது. பாய் தொங்கியது. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி வழவழவென்று கிடந்தது.

அதற்குச் சற்று முன்பே சித்தப்பாவின் டிரான்சிஸ்டர் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. திருநெல்வேலி வானொலியில் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது நடுநடுவே ‘கர்ர்’ என்று ஒரு வெட்டு. பேட்டரி போச்சு என்று சித்தப்பா அதை வெயிலில் வைத்து எடுத்தார். பேட்டரி இல்லை. மின்னல் ஒவ்வொன்றும் ஒரு ரேடியோ நிலையம் மாதிரி அலையை வீசும். மீடியம் வேவ் பெட்டி அதை அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்தே பிடித்துவிடும். வானத்தில் ஒன்றும் தெரியாதபோதே பெட்டிக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

சித்தப்பா சொன்னார், “அண்ணே, தண்டு வலிச்சி பெரியதாழையில அடைஞ்சிருவமா?”

அப்பா வேண்டாம் என்றார். கரை இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் கனத்த வள்ளம், துடுப்பு வலிக்க இரண்டே பேர், தண்ணீர் மேற்கே இழுத்தது, பழகாத கரையில் அலைக்குள் ஆச்சியையும் பிள்ளைகளையும் இறக்க வேண்டும். எல்லாம் நியாயமான காரணங்கள். என்றாலும் அன்று செய்த தப்பு அது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். ரேடியோ கரகரத்த நேரத்துக்கே வலிக்கத் தொடங்கியிருந்தால் இருட்டுவதற்குள் கரையில் உட்கார்ந்திருக்கலாம். பாயில் கிளம்பியவர் பாயிலேயே ஊர் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தார் என்பது என் சந்தேகம்.

வந்த தூரத்தை நீரோட்டத்தில் இழக்க வேண்டாம் என்று நங்கூரம் போட்டார்கள். தண்ணீர் ஐந்து பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். காற்று கிளம்பியதும் தூக்கிக்கொள்ளலாம் என்று அப்பா பீடி பற்றவைத்தார்.

மேற்கே பனங்காட்டுக்கு மேலே மேகம் எழும்பியதை நான்தான் முதலில் பார்த்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன். வெள்ளையாக, பூக்கோசு மாதிரி, பார்க்கப் பார்க்க உயர்ந்தது. அதன் தலை தட்டையாகப் பரந்து எங்கள் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. அடி மட்டும் கறுப்பு. சூரியன் அதற்குள் போனதும் ஆறு மணிக்கே ராத்திரி ஆகிவிட்டது. அப்புறம் உள்ளுக்குள்ளே மின்ன ஆரம்பித்தது. முதலில் சத்தமே இல்லை. சிம்னி விளக்கைத் துணிக்குப் பின்னால் வைத்து அசைக்கிற மாதிரி.

ஆச்சி ஜெபமாலையை எடுத்தாள். அம்மா தொடங்க, நாங்கள் மறுபாதி சொன்னோம். அப்பாவும் உதட்டை அசைத்தார், ஆனால் அவர் கண் மேற்கேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவர் ஜெபிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். மின்னும்போது, ஜெபமாலையில் மணிக்கு மணி சொல்லும் அருள் நிறை மந்திரம் ஒன்றை மனசுக்குள் தொடங்குவார். இடி கேட்கும்போது எந்த வார்த்தையில் நிற்கிறோம் என்று பார்ப்பார். தாத்தா சொல்லிக்கொடுத்ததாம். முழு மந்திரமும் முடிந்து இடித்தால் கவலையில்லை. ‘இயேசுவும்’ என்ற இடத்தில் இடித்தால் வேலையைப் பார். ‘ஆண்டவர் உம்முடனே’ என்ற இடத்தில் இடித்தால் ஆண்டவர்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசி வரி சித்தப்பாவின் கைச்சரக்காக இருக்கும். ஆனால் அளவு சரி. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி. அம்மா ஜெபமாலை சொல்லும் வேகத்தை ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் செல்போன் ஸ்டாப்வாட்சில் பிடித்தேன். முழு மந்திரம் 13 விநாடி, அதாவது நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ‘இயேசுவும்’ வரை ஆறு, இரண்டு கிலோமீட்டர். ‘ஆண்டவர் உம்முடனே’ இரண்டரை, ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இப்போது உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது 30 விநாடிக் கணக்கு: 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டாலே ஒதுங்கிவிட வேண்டும், அடுத்த வெட்டு நம் மேல் விழலாம். தாத்தாவின் மந்திரம் அந்த வகையில் ரொம்பத் தைரியமான மந்திரம். இரண்டு மந்திரம், மூன்றாவதில் ‘பெண்களுக்குள்’ வரைக்கும் என்று மாற்றிக்கொண்டால் சரியாக இருக்கும். தம்பியிடம் சொன்னேன், சிரித்தான்.

முழு மந்திரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இடி வந்ததும் அப்பா பீடியைக் கடலில் போட்டுவிட்டு எழுந்தார்.

“மரத்தப் புடுங்குவோம்ல.”

சித்தப்பாவுக்கே ஆச்சரியம். பாயை இறக்கிக் கட்டுவதுதான் வழக்கம், மரத்தைக் கழற்றுவது கரையில் ஏற்றினால்தான். அப்பா கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். இங்கேதான் ஆச்சி குறுக்கே வந்தாள். அவள் என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டுபோய்ப் பாய்மரத்தைக் கட்டிப்பிடிக்க வைத்திருந்தாள்!

அதற்குக் காரணம் உண்டு. 1540 வாக்கில் ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் புயலில் மாட்டி, பாய்மரம் முறிந்து தத்தளித்தபோது, கரை சேர்ந்தால் சிலுவை நடுகிறேன் என்று கப்பித்தான் நேர்ந்துகொண்டான், மணப்பாட்டில் கரை சேர்ந்து அந்த முறிந்த மரத்திலேயே சிலுவை செய்து குன்றின் மேல் நட்டான் என்பது எங்கள் ஊர்க் கதை. இரண்டு வருஷம் கழித்துச் சவேரியார் வந்தார், 1581இல் கோயில் எழும்பியது. பால் குடிக்கும்போதே காதில் விழும் கதை இது. ஆகவே ஆச்சியைப் பொறுத்தவரை கடலில் கண்டம் வந்தால் பிடித்துக்கொள்ள வேண்டியது பாய்மரம்.

“அம்மா, கைய எடு! பிள்ளைய அங்கன வைக்காத!” அப்பா தன் தாயிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என்னைத் தூக்கி அடிப்பலகையில் போட்டார். தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது.

இரண்டு பேருமாகக் குழியிலிருந்து மரத்தை அசைத்து அசைத்துத் தூக்கி வள்ளத்தின் நீளத்துக்குக் கிடத்தினார்கள். பாயை எங்கள் மேல் போர்த்தினார்கள். அப்புறம் அப்பா இரும்பு சாமான்களையெல்லாம் அணியத்துப் பக்கம், அதாவது வள்ளத்தின் முன்முனைக்கு, தள்ளச் சொன்னார்: அரிவாள், தூக்குச்சட்டி, அரிக்கேன் விளக்கு. கடைசியாக அம்மாவைப் பார்த்து, “ஏட்டி, காதுல கெடக்கதக் கழத்து. இடி இரும்பத் தேடித்தான் வரும்.”

“இது தங்கம்லா?”

“கழத்துங்கேன்.”

அம்மா இருட்டில் தோடுகளைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கல்யாணத்துக்குப் போட்ட தோடு, சிவப்புக்கல் வைத்தது. அதில் ஒன்று அன்றைக்குப் போனதுதான். முடிச்சு அவிழ்ந்து, வள்ளத்தின் அடியில் கிடந்த தண்ணீரோடு டால்டா டின்னில் அள்ளி நாங்களே கடலில் ஊற்றியிருப்போம்.

மழைக்கு முன்னால் காற்று வந்தது. மேற்கேயிருந்து, ஐஸ்பெட்டியைத் திறந்த மாதிரி சில்லென்று. தண்ணீரைச் சுருட்டிக்கொண்டு வெள்ளையாக ஒரு கோடு வருவது மின்னல் வெளிச்சத்தில் தெரிந்தது. இடிமேகத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று கீழே விழுந்து தரையில் பட்டு நாலாபக்கமும் பாய்வது அது. வள்ளம் படாரென்று திரும்பி நங்கூரக் கயிற்றில் தொங்கியது. அப்பா அணியத்துக்கு ஓடினார். ஐந்து பாகம் தண்ணீருக்குப் பத்துப் பாகம்தான் கயிறு விட்டிருந்தது. அது போதாது. கயிறு செங்குத்தாக இருந்தால் நங்கூரத்தைத் தூக்கிவிடும். படுத்தாற்போல் இழுத்தால்தான் மண்ணைக் கவ்வும். நங்கூரம் பிடி விட்டால் கரைக்காற்று எங்களை வெலங்கத் தள்ளிக்கொண்டு போயிருக்கும், கொழும்புப் பக்கமாக. அவர் நின்றபடி கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். முப்பது பாகம். கடைசி முனையைக் கட்டிவிட்டும் உட்காரவில்லை. கயிற்றில் கை வைத்துக்கொண்டே நின்றார். நங்கூரம் நகர்ந்தால் கயிற்றில் அந்த நடுக்கம் தெரியும்.

பாய்க்கு அடியிலிருந்து ஒரு ஓரமாக எட்டிப் பார்த்தேன். மின்னல் ஒவ்வொன்றுக்கும் அவர் தெரிவார். லுங்கியை மடித்துக் கட்டி, காலை அகட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு. அடுத்த நொடி இருட்டு. அப்புறம் திரும்பவும் தெரிவார், அதே இடத்தில்.

அம்மாவின் மந்திரம் ‘மரியே வாழ்க’வைத் தாண்டவில்லை.

நெருங்கி விழுந்ததைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது கொஞ்சம்தான். விழுவதற்கு முன் கையில் முடி எழும்பியது. பாயின் ஈர நுனியில், எண்ணெய்ச்சட்டியில் கறிவேப்பிலை போடுவதற்கு முன்னால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு சன்ன இரைச்சல். தம்பிக்கு மொட்டை என்பதால் அவனுக்கு எதுவும் எழும்பவில்லை, அவன் உண்மையில் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா “தல குனி!” என்று கத்தினார். அவரும் குத்தவைத்தாரா என்று பார்க்க முடியவில்லை. வெள்ளை. சத்தம் தனியாக வரவில்லை, வெளிச்சமே சத்தமாக இருந்தது. பலகை நெஞ்சில் குத்தியது. அப்புறம் ஒரு வாடை, தீக்குச்சிக் கருகலும் வெல்டிங் பட்டறையும் கலந்த மாதிரி.

கடலில் விழுந்திருக்கிறது. எவ்வளவு தூரத்தில் என்று யாருக்கும் தெரியாது. சித்தப்பா அம்பது அடி என்பார், கல்யாண வீடுகளில் இருபது அடி என்பார்.

அப்பா இருந்தார். கயிற்றில் கை வைத்தபடி குத்தவைத்திருந்தார். கூப்பிட்டதற்குப் பதில் வரக் கொஞ்ச நேரமானது. காது அடைத்துவிட்டிருக்கிறது.

பிறகு மழை. ஒரு மணி நேரம் மாற்றி மாற்றித் தண்ணீர் இறைத்தோம், தோடு போனது அப்போதுதான். கரையில் ஒரு பனை தலையில் தீப்பிடித்து அந்த மழையிலும் எரிந்துகொண்டிருந்தது, மெழுகுவர்த்தி மாதிரி. அதை வைத்துத்தான் வள்ளம் நகரவில்லை என்று அப்பா உறுதி செய்துகொண்டார். எட்டரைக்கு எல்லாம் ஓய்ந்து, கரையிலிருந்து மண்வாசனையோடு மெல்லிய காற்று வந்தது. ஈரப்பாயைப் பிழிந்து, மரத்தைத் திரும்ப நட்டு, நங்கூரத்தைத் தூக்கினார்கள். உடன்குடிச் சில்லுக்கருப்பட்டி நனைந்து பாதி கரைந்துபோயிருந்தது, அதை விரலால் வழித்துத் தின்றபடி மணப்பாட்டுக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து ஓடினோம். வீட்டுக்கு வர ராத்திரி பன்னிரண்டு. டிரான்சிஸ்டர் அதற்குப் பிறகு பேசவில்லை. மின்னல் என்பார் சித்தப்பா, மழைத்தண்ணி என்பாள் அம்மா. அடுத்த மாதம் மெஷின் வந்தது. பாய்மரம் இப்போது ஊர் வீட்டுத் தாழ்வாரத்தில் உத்திரமாகக் கிடக்கிறது.

சரி, கணக்கு.

இடிதாங்கி வைக்கும் பொறியாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 45 மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய பந்தைத் தரைமேல் உருட்டுவதாக நினைத்துக்கொள்ள வேண்டும், அது எதைத் தொடுகிறதோ அதன் மேல் மின்னல் விழலாம். மின்னல் மேகத்திலிருந்து ஒரே கோடாக வருவதில்லை. ஐம்பது மீட்டர் அளவில் படிபடியாகத் தாவி வருகிறது. கடைசித் தாவலில்தான் கீழே எது கிட்டே இருக்கிறது என்று ‘பார்க்கிறது’. கடல் ஒரு தட்டு மாதிரி. அதில் ஆறு மீட்டர் மரம் நின்றால் சுற்றிலும் 22 மீட்டருக்குள் விழ வேண்டிய வெட்டையெல்லாம் தன்பக்கம் வாங்கிக்கொள்ளும். மரம் இறங்கி எல்லாரும் குனிந்து, வள்ளம் ஒரு மீட்டர் உயரம் என்றால் அது ஒன்பதரை மீட்டர்தான். பரப்பளவாகப் பார்த்தால் ஏறக்குறைய 1,580 சதுர மீட்டர் 280 ஆகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எட்டாம் வகுப்பு வரை படித்த அப்பா செய்தது சரி.

ஈரமரம் மின்சாரத்தை அரைகுறையாகத்தான் கடத்தும். 30,000 ஆம்பியர் அளவு மின்னோட்டம் அதற்குள் நுழைந்தால் மரத்துக்குள் இருக்கும் ஈரம் அந்தக் கணமே ஆவியாகி மரம் வெடிக்கும். பாதியில் அதை விட்டுப் பக்கத்தில் இருக்கும் உடம்புக்குத் தாவும். ஆச்சி எங்களைக் கட்டிப்பிடிக்க வைத்த இடம் அது.

மரத்தைக் கழற்ற முடியாத கப்பல்களுக்கு வேறு வழி. ஸ்நோ ஹாரிஸ் என்ற ஆங்கிலேயர் பாய்மரத்திலேயே செம்புப் பட்டை பதித்து, அதைக் கப்பலின் அடிவரை இறக்கிக் கடலோடு சேர்க்கச் சொன்னார். பிரிட்டிஷ் கடற்படை வருஷக்கணக்கில் இழுத்தடித்தது. 1831இல் டார்வின் ஏறிப்போன பீகிள் கப்பலில் அந்தப் பட்டை இருந்தது. பிளஸ் டூ வகுப்பில் மின்னூட்டப் பாடம் நடத்தும்போது இதைச் சொன்னால் பின்பெஞ்சும் நிமிரும். இன்றைக்குப் பாய்ப்படகு வைத்திருப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள்: மர உச்சியில் ஒரு கம்பி, அங்கிருந்து நேராக இறங்கும் தடித்த செம்பு ஒயர், உப்புத்தண்ணீருக்குள் ஒரு சதுர அடிக்குக் குறையாத உலோகத் தகடு. அப்படி இருந்தால் மரத்தை நிமிர்த்தியே வைக்கலாம், அதைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரும்பு விஷயத்தில் அப்பா சொன்னது தப்பு. தோட்டையும் தூக்குச்சட்டியையும் மின்னல் தேடி வராது. அது உயரத்தைப் பார்க்கும், உலோகத்தை அல்ல.

இவ்வளவும் போட்டுவிட்டு நோட்டை மூடப் போனேன். அப்போதுதான் விட்டுப்போனது உறைத்தது. மரம் இறங்கியபின் வள்ளத்தின் உயரம் ஒரு மீட்டர் இல்லை. அணியத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். பலகை உயரத்தையும் சேர்த்தால் இரண்டரை மீட்டர். சுற்றிலும் பதினைந்து மீட்டர், 690 சதுர மீட்டர். எங்களுக்காக இறக்கிய ஆபத்தில் ஒரு பங்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு, கையில் ஈரக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க 2011 வரை எனக்கு நேரம் இருந்தது. கேட்கவில்லை.

தம்பியின் படகில் மரமே கிடையாது. ஃபைபர் மின்சாரம் கடத்தாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் தைரியமாக இருக்கிறான். கடத்தாது என்பதுதான் சங்கடம். மேலே விழுந்த மின்னல் கடலுக்குப் போக வழி தேடும்போது ஆளையும் இன்ஜினையும் பிடிக்கும், இல்லையென்றால் படகின் அடியில் ஓட்டை போட்டுக்கொண்டு போகும். நின்று வலை வாங்குகிறவன்தான் அந்தப் படகில் பாய்மரம். புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்த ‘தாமினி’ செயலியை அவன் போனில் போட்டுக்கொடுத்தேன். சுற்றுவட்டாரம் 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வந்தால் சொல்லும். ஆனால் சிக்னல் இருக்கும்வரைதான் சொல்லும். பழைய மீடியம் வேவ் ரேடியோ ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கிக்கொடுத்தேன். அதற்குச் சிக்னல் வேண்டாம், கரகரத்தால் போதும்.

பொங்கலுக்குப் போனபோது பின்பக்கம் ஒரு அலுமினியக் குழாயை நட்டு, செம்பு ஒயர் இழுத்து, தகடும் மாட்டிக்கொடுத்தேன், என் செலவில். நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தான். குழாய் நிற்கிறது, அதில் லுங்கி காய்கிறது. தகடு எங்கே என்று கேட்டேன். வலை சிக்குது என்று கழற்றி வைத்திருக்கிறானாம், மின்னும்போது மாட்டிக்கொள்வானாம்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பீரோவைச் சுத்தம் செய்யும்போது ஒரு சின்ன டப்பாவிலிருந்து அந்த ஒற்றைத் தோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, நீ இதெல்லாம் படிச்சவதான. ஒங்கப்பா அன்னிக்குச் சொன்னாவளே, இடி இரும்பத் தேடி வரும்னு. நெசந்தானா?”

பேனாவை மூடி வைத்தேன்.

“ஆமாம்மா. நெசந்தான்.”

“அப்பம் சரி” என்று டப்பாவில் போட்டு மூடினாள். அப்புறம் திரும்பத் திறந்தாள். “பவுனு இன்னிக்கு என்ன வெல விக்கி? ஒத்தத் தோட்ட வச்சி நான் என்ன செய்ய?”